பார வண்டியின் பாட்டரியும் அதன் வரவு செலவும்

முன்னாட்களில் விளைபொருளைச் சந்தைக்கு அனுப்ப விரும்பிய விவசாயி இரட்டை மாட்டு வண்டியைப் பூட்டினார். மாடு களைத்துவிட்டால் தலையைத் தொங்கவிட்டும் நுரை தள்ளியும் தன் நிலைமையை எஜமானருக்குத் தெரிவித்துவிடும். இப்பொழுது நமது புதுச்சேரிப் பிரதேசத்தில் பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு ஆகிய கொம்யூன்களில் அந்த வேலையைப் பெரும்பாலும் டிராக்டர்களும், லாரிகளும், 2005-ஆம் ஆண்டில் டாடா கம்பெனியார் வெளியிட்ட ஏஸ் வண்டி முதலாக ஜனங்கள் "குட்டி யானை" என்று செல்லமாய் அழைத்துவரும் சிறு பார வண்டிகளுமே செய்து வருகின்றன. இவ்வண்டிகளில் மற்ற உறுப்புகள் யாவும் கெடுவதற்கு முன் சத்தத்தினாலோ, புகையினாலோ, ஆட்டத்தினாலோ ஓர் அறிகுறி காட்டும். பாட்டரி ஒன்று மாத்திரம் அப்படியல்ல. முதல் நாள் இரவு வரை விளக்கு நன்றாய் எரியும். மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பினால் "டக்" என்ற ஒரு சப்தத்தோடு வண்டி ஓய்ந்துவிடும். செல்ஃப் எடுக்கவில்லை என்று டிரைவர் சொல்வார். பின்னால் மூட்டைகளில் கத்தரிக்காய் வாடிக்கொண்டிருக்கும்.

இவ்விஷயத்தைப் பற்றி எழுதும்படி நேர்ந்த காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன். நான் பயிர்த் தொழில் டிப்ளமா பெற்றவனேயன்றி இயந்திர நிபுணன் அல்லன். ஆயினும் கிராமங்களில் விதை நேர்த்தியைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பேசி முடித்த பிறகு, "ஐயா, வண்டி பாட்டரி வருஷத்துக்கு ஒன்று போய்விடுகிறதே, அதற்கு என்ன மருந்து?" என்று கேட்கிறவர்கள் வரவர அதிகமாகி வருகிறார்கள். பாகூர்ப் பக்கத்தில் கத்தரியும் வெண்டையும் பயிரிடும் ஒரு விவசாயியின் வண்டி ஒரே மாதத்தில் மூன்று முறை விடியற்காலையில் நின்றுவிட்டது. புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் விடியுமுன் இறக்கவேண்டிய சரக்கை வெயிலேறிய பின் கொண்டுபோய், கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார். பாட்டரி விற்ற கடைக்காரர், "டைனமோ சரியில்லை" என்றார். டைனமோ பார்த்தவர், "பாட்டரி மட்டமான சரக்கு" என்றார். இரண்டு பேரும் தவறாகவே சொன்னார்கள். குற்றம் எங்கே இருந்தது என்பதைக் காகிதமும் பென்சிலும் கொண்டு கண்டுபிடித்தோம். அந்தக் கணக்கே இக்கட்டுரையின் சாரம்.

பாட்டரிக்குள் நடப்பது

ஈயத்தையும் கந்தகத் திராவகத்தையும் கொண்டு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் முறையை 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்து விஞ்ஞானி காஸ்டோன் பிளாந்தே என்பவர் கண்டுபிடித்தார். 1881-இல் அதே தேசத்தவரான கமீல் ஃபோர் என்பவர் தகடுகளின்மேல் ஈயக் கலவையைப் பசைபோல் பூசும் வழியைக் கண்டு, அதைப் பெருந்தொகையாய்ச் செய்வதற்கு ஏற்றதாக்கினார். அக்காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் ஊருக்கு இச்செய்தி சற்று சொந்தமானதாகத் தோன்றலாம். அன்று முதல் இன்று வரை நம் வண்டிகளின் பாட்டரி அடிப்படையில் அதுவேதான்.

ஒரு 12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் ஒரு வகைத் தகட்டில் ஈயமும், மற்றொரு வகைத் தகட்டில் ஈய ஆக்ஸைடும், இடையில் ஜலம் கலந்த திராவகமும் இருக்கும். மின்சாரத்தை நாம் எடுக்க எடுக்க, இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய ஸல்பேட் என்னும் வெள்ளை உப்புப் படிந்து, திராவகம் வலுக்குறைந்து வெறும் ஜலத்தை நோக்கிச் செல்கிறது. டைனமோவிலிருந்து (இக்காலத்து வண்டிகளில் இருப்பது ஆல்டர்னேட்டர் என்ற புது வகையே எனினும், ஊரார் வழக்கில் டைனமோ என்றே கூறுகிறேன்) மின்சாரம் திரும்ப ஏறும்பொழுது அந்த உப்புக் கரைந்து திராவகம் மறுபடி வலுப்பெறுகிறது. புதிதாய்ப் படிந்த உப்பு எளிதில் கரையும். பல நாள் அப்படியே விட்டுவைத்தால் அது கடினமான படிகமாகி, களர் நிலத்தின் மேற்புறத்தில் பூத்த உப்பைப்போல் இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்சாரம் ஏற்றினாலும் கரையாது. பாட்டரிகள் அகாலத்தில் மடிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பாட்டரி வேலை செய்து தேய்வதைக் காட்டிலும், அரைவயிற்றோடு கிடந்து கெடுவதே அதிகம்.

பாகூர் ஏரிப் பாசனம் அறிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே ஏரிக்கு வரவு உண்டு. மதகுகளின் வழியே செலவு உண்டு. வரவுக்கு மேல் செலவு போனால் ஏரி இறங்கும். அப்பொழுது முதலில் தண்ணீர் நின்றுபோவது மேட்டு மதகில்தான். ஏரியில் இன்னும் தண்ணீர் கிடந்தும் மேட்டு நிலத்திற்கு ஏறாது. வண்டியில் டைனமோ வாய்க்கால், விளக்கும் பாட்டுப் பெட்டியும் பள்ளத்து மதகுகள், இயந்திரத்தைக் கிளப்பும் செல்ஃப் மேட்டு மதகு. செல்ஃபுக்கு வேண்டிய மின்சாரம் மொத்தத்தில் மிகச் சொற்பம். 200 ஆம்பியர் வீதம் ஐந்து விநாடி ஓடினால் செலவு கால் ஆம்பியர்-மணிக்குச் சற்றே அதிகம். ஆனால் அந்த 200 ஆம்பியரை ஒரே மூச்சில் தள்ளும் சக்தி, நிறைந்த பாட்டரிக்கே உண்டு. ஆகவேதான் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் பொழுதே வண்டி கிளம்ப மறுக்கிறது. "விளக்கு எரிகிறதே, பாட்டரி எப்படிக் குறைவாயிருக்கும்?" என்று வாதிப்பவர்களுக்கு இதுவே விடை.

பாகூர்க்காரரின் கணக்கு

ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு ஆம்பியர்-மணி. பாட்டரியின்மேல் 60 என்றோ 80 என்றோ அச்சிட்டிருப்பது இந்த அளவே. எந்தக் கருவியானாலும் அதன்மேல் எழுதியுள்ள வாட் கணக்கை 12-ஆல் வகுத்தால் அது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பது தெரிந்துவிடும். இவ்வளவு தெரிந்தால் போதும். மீதி எல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

மேற்படி விவசாயியின் வண்டியில் 60 ஆம்பியர்-மணி பாட்டரி இருந்தது. அவர் நிலத்துக் கொட்டகையில் விளக்குக்கு இணைப்புக் கிடையாது. மாலையில் பறித்த காயை இரவு ஏழு மணி முதல் பதினொரு மணி வரை வண்டியின் பின்கட்டையில் பொருத்திய இரண்டு விளக்குகளின் வெளிச்சத்தில் தரம் பிரித்து மூட்டை கட்டுவார்கள். இயந்திரம் நிறுத்தப்பட்டிருக்கும். முதலில் இருந்தவை 55 வாட் ஹாலஜன் விளக்குகள். இரண்டும் சேர்ந்து ஒன்பது ஆம்பியருக்கு மேல். நான்கு மணி நேரத்திற்கு ஏறக்குறைய 37 ஆம்பியர்-மணி. பாட்டுப் பெட்டிக்கு 6. வேலையாட்களின் செல்போன்களுக்கு 4. ஆக 47. அறுபதில் நாற்பத்தேழு போனால் எது மிஞ்சும்? மறுநாளே வண்டி படுத்துவிட்டது.

இதைக் கண்டு, அவருடைய மருமகப்பிள்ளையின் யோசனைப்படி, விளக்குகளை 18 வாட் எல்.இ.டி. வகைக்கு மாற்றினார். இது மிகவும் நல்ல காரியம். 37 ஆக இருந்த செலவு 12 ஆகக் குறைந்தது, மொத்தம் 22. ஆனால் சிக்கல் இங்கேதான் ஆரம்பமாயிற்று. பாகூரிலிருந்து புதுச்சேரிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். போக வர இயந்திரம் ஓடுவது ஒன்றரை மணி நேரம். அந்நேரத்தில் டைனமோவின் மின்சாரம் முதலில் வண்டியின் சொந்தத் தேவைக்கும் முன் விளக்குகளுக்கும் போய், மிஞ்சியது மாத்திரம் பாட்டரிக்கு வருகிறது. அதுவும் பாட்டரி நிறைய நிறைய மெதுவாகவே உள்ளே வாங்கும். வழியில் ஏற்படும் நஷ்டத்தையும் கழித்து நிதானமாய்ப் போட்டுப் பார்த்தால், ஒரு நாள் வரவு 15 ஆம்பியர்-மணிக்கு மேல் தேறவில்லை. செலவு 22, வரவு 15. நாளொன்றுக்கு 7 பற்றாக்குறை.

முதல் நாள் இரவு 60-இல் 22 போக 38. பிரயாணத்தில் 53 ஆயிற்று. இரண்டாம் இரவு 31, பகலில் 46. மூன்றாம் இரவு 24, பகலில் 39. நான்காம் இரவு முடிவில் 17. ஐந்தாம் நாள் விடியற்காலை வண்டி கிளம்பவில்லை. உடனே பாட்டரியைக் கழற்றிக் கடையில் கொடுத்தார்கள். அவர்கள் இரவு முழுவதும் மின்சாரம் ஏற்றி, சோதித்து, "பாட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். உண்மையே. மறுபடி நான்கு இரவு கழித்து அதே கதை. ஒரே இரவில் நின்றிருந்தால் குற்றம் விளக்கில் என்று எவரும் கண்டிருப்பார்கள். சிறுகச் சிறுகக் குறைந்து பின் நின்றதனால், நேற்று நடந்த ஏதோ ஒன்றின்மேல் பழி போயிற்று. இப்படி அரைகுறையாய்ப் பல மாதம் உழன்ற பாட்டரியில் உப்பு இறுகிப்போய், 60 கொள்ளளவு 40-க்கு வந்துவிட்டால், பிறகு இரண்டு இரவு கூடத் தாங்காது.

இதே கணக்கை ஒவ்வொருவரும் தம் வண்டிக்குப் போட்டுப் பார்க்கலாம். மருந்து தெளிக்கும் முதுகுப் பம்பின் 12 வோல்ட் சிறு பாட்டரியை வண்டியிலிருந்து ஏற்றினால், அதன் கொள்ளளவோடு கால் பங்கு கூட்டிச் செலவெழுத வேண்டும். ஒலிபெருக்கி, பின்னோக்கு காமிரா, குளிர்பெட்டி, வண்டி எங்கே இருக்கிறதென்று காட்டும் ஜி.பி.எஸ். கருவி எல்லாம் கணக்கில் வரவேண்டியவை. ஜி.பி.எஸ். போன்றவை ஓயாமல் உறிஞ்சுபவை. ஒரு ஆம்பியரில் இருபதில் ஒரு பங்குதான் இழுக்கிறது என்றாலும், இருபத்து நான்கு மணி நேரத்தில் 1.2 ஆம்பியர்-மணி, வண்டியை ஒரு மாதம் நிறுத்தி வைத்தால் 36. அறுவடை முடிந்து வண்டியை ஓட்டாமல் போட்டுவைப்பவர்கள் பாட்டரியின் கறுப்புக் கம்பியைக் கழற்றி வைப்பது இதனாலேயே நல்லது.

அளந்து அறிதல்

கண்ணால் பார்த்துப் பாட்டரியின் நிறைவை அறிய முடியாது. சிறிய மல்டிமீட்டர் ஒன்று வண்டியோடு இருக்கட்டும். இயந்திரத்தை நிறுத்திச் சில மணி நேரம் சென்றபின், அதாவது விடியற்காலையில், அளக்க வேண்டும். 12.6 அல்லது 12.7 வோல்ட் இருந்தால் நிறைவு; 12.2-க்கு அருகில் இருந்தால் பாதி, 12.0 என்றால் கால் பங்கே மீதி, 11.8-க்குக் கீழ்ப்போனால் வறட்சி. முழு வோல்ட்டுக்கும் வறட்சிக்கும் இடையே ஒரு வோல்ட்கூட வித்தியாசமில்லை என்பதைக் கவனிக்க. "பன்னிரண்டு காட்டுகிறது, ஆகையால் நிறைந்திருக்கிறது" என்று அநேகர் ஏமாறுகிறார்கள்.

பிறகு இயந்திரத்தைக் கிளப்பி, சற்று வேகம் கொடுத்து அளந்தால் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 13.5-க்கு மேல் ஏறவே இல்லையானால் பெல்ட் தளர்ந்திருக்கலாம். டெர்மினல்களில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருக்கலாம். அல்லது டைனமோவே பழுதாயிருக்கலாம். 14.8-ஐத் தாண்டிப் போனால் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு, திராவகம் கொதித்து வற்றுகிறது என்று அறிக. மூடி திறக்கக்கூடிய பாட்டரியாயின் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வோர் அறையையும் தனித்தனியே சோதிப்பது இன்னும் மேல். ஐந்து அறைகள் ஒத்திருந்து ஒன்று மாத்திரம் தாழ்ந்திருந்தால் அப்பாட்டரிக்கு மேற்கொண்டு செலவழிப்பது வீண்.

வண்டியை நிறுத்தி வைத்து இயந்திரத்தை மெதுவாய் ஓடவிட்டே பாட்டரியை நிரப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மெதுவான ஓட்டத்தில் டைனமோ தன் முழுச் சக்தியில் ஒரு பகுதியையே தரும். டீசல் எரிந்ததே மிச்சமாகும்.

இரண்டு பாட்டரி உள்ள லாரிகளில் நடக்கும் தவறு

பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாய் இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருக்கும். மேட்டுப்பாளையம் லாரி முனையத்தில் வந்து நிற்கும் வண்டிகளின் டிரைவர்களோடு பேசிப் பார்த்தால் இத்தவறு எவ்வளவு சாதாரணமானது என்பது விளங்கும். பாட்டுப் பெட்டியும், செல்போன் ஏற்றியும், அலங்கார விளக்குகளும் 12 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. 24 வோல்ட்டில் வைத்தால் கருகிப்போகும். ஆகையால் இரண்டு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மாத்திரம் கம்பி இழுத்து இணைத்துவிடுகிறார்கள். சிக்கனமான தந்திரம்தான். ஆனால் ஆறு மாதத்தில் அதன் பலன் தெரியும்.

காரணத்தைக் கவனியுங்கள். ஒரு பாட்டரியிலிருந்து நாளொன்றுக்கு 3 ஆம்பியர் வீதம் ஆறு மணி நேரம் எடுத்தால் அதில் 18 ஆம்பியர்-மணி குறைகிறது; மற்றது நிறைந்தபடியே இருக்கிறது. டைனமோவோ இரண்டையும் ஒன்றாகவே காண்கிறது. இரண்டின் வழியாகவும் ஒரே அளவு மின்சாரத்தை ஓட்டி, மொத்தம் 28 வோல்ட்டுக்குச் சற்று மேல் வந்ததும் "போதும்" என்று தணிந்துவிடுகிறது. அந்த 28-இல் காலியான பாட்டரியின் பங்கு 13 ஆகவும், நிறைந்ததன் பங்கு 15 ஆகவும் பிரிந்துபோகிறது. 13 பெற்றது ஒருநாளும் நிறையாமல் உப்பு இறுகிச் சாகிறது. 15 பெற்றது கொதித்து ஜலம் வற்றிச் சாகிறது. ஒரே நுகத்தடியில் ஒரு மாட்டிற்கு மாத்திரம் தீனி குறைத்துக் கட்டியது போலாம். பட்டினி மாடும் விழும். பாரம் முழுவதையும் தாங்கிய மாடும் விழும். பிறகு கெட்டதாய்த் தெரியும் ஒன்றை மாத்திரம் மாற்றிப் புதியதைப் பழையதோடு பூட்டுவது அடுத்த தவறு.

இதற்குச் சரியான வழி 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக இறக்கித் தரும் கன்வெர்ட்டர் ஒன்றை இரண்டு பாட்டரிகளின் மொத்தத்திலிருந்தும் இணைத்து, எல்லாச் சிறு கருவிகளையும் அதன் வழியே நடத்துவதுதான். இரண்டையும் சமப்படுத்தி வரும் ஈக்வலைஸர் என்ற கருவியும் உண்டு. கருவியின் விலை ஒரு லாரி பாட்டரியின் விலைக்கு முன் சிறிது. பாட்டரிகளை மாற்றும்பொழுது இரண்டையும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே தேதியில் வாங்குதல் வேண்டும்.

பரிகாரங்கள்

பாகூர்க்காரர் என்ன செய்தார் என்று கேட்கலாம். அவர் முதலில் விரும்பியது பெரிய பாட்டரி. 60-க்குப் பதில் 80 வைத்தால் என்ன? வைக்கலாம், ஆனால் ஏரியை ஆழப்படுத்தினால் வாய்க்காலில் வரவு கூடாது. பற்றாக்குறை 7 அப்படியே இருக்க, ஐந்தாம் நாள் நிற்பது எட்டாம் நாளுக்குத் தள்ளிப்போகும், அவ்வளவே.

ஆகவே இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்யும்படி சொன்னேன். முதலாவது, விளக்குக்கும் பாட்டுக்கும் தனியாய் இரண்டாவது பாட்டரி ஒன்றைப் பின்புறத்தில் பத்திரமாய்ப் பொருத்தி, இரண்டுக்கும் நடுவே வோல்ட்டைக் கண்டு தானே சேர்த்துத் தானே பிரிக்கும் ரிலே ஒன்றை வைத்தல். இயந்திரம் ஓடி 13.3 வோல்ட் அளவு வந்ததும் அது இரண்டையும் சேர்க்கும். இயந்திரம் நின்று 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரித்துவிடும். இதனால் இரவில் எவ்வளவு விளக்கெரித்தாலும் வண்டியைக் கிளப்பும் பாட்டரி தொடப்படுவதில்லை. விதை நெல்லைத் தனிக் குதிரில் போட்டு வாய் பூசி வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. புதிதாய் வந்த சில வண்டிகளில் டைனமோவின் வோல்ட்டை உள்ளிருக்கும் கம்ப்யூட்டர் ஏற்றியும் இறக்கியும் நடத்துவதால், அங்கே இந்த ரிலே சரிப்படாது. இடையில் தனிச் சார்ஜர் தேவைப்படும். வேலையை ஏற்பவரிடம் இதை முன்னதாகக் கேட்டுக்கொள்க.

இரண்டாவது காரியம் வரவைப் பெருக்குதல். இரண்டாவது பாட்டரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை என்பதை மறந்து, அதை வைத்ததோடு நின்றுவிட்டவர்கள் பலர். அவர்களுக்கு வண்டி கிளம்பும், விளக்கு அணையும். டிரைவர் அறையின்மேல் 50 வாட் சூரியத் தகடு ஒன்றைப் பொருத்தினால், நம் ஊர் வெயிலில் தெளிந்த நாளொன்றுக்குச் சுமார் 12 ஆம்பியர்-மணி எதிர்பார்க்கலாம். 15-ம் 12-ம் 27, செலவு 22. கணக்கு நேராயிற்று. தகட்டுக்கும் பாட்டரிக்கும் இடையே சார்ஜ் கண்ட்ரோலர் அவசியம். தகட்டின்மேல் படியும் செம்மண் புழுதியை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சூரியனை நம்புவதற்கில்லை. அப்பொழுது வாரத்தில் ஓர் இரவு வீட்டு மின்சாரத்தில் சார்ஜரை இணைத்து, 6 ஆம்பியர் அளவில் நிதானமாய் நிரப்புவதே அவருடைய இப்போதைய வழக்கம்.

புதிதாய் இழுக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் பாட்டரியின் அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும்; கருவியின் பக்கத்தில் வைப்பது போதாது. இடைவழியில் கம்பி உராய்ந்து இரும்பைத் தொட்டால், பாட்டரியின் முழு வேகமும் அக்கம்பியில் பாய்ந்து வண்டியையே கொளுத்திவிடும். கம்பி பருமனாயிருக்கட்டும். மெல்லிய கம்பியில் வோல்ட் குறைந்து, பின்புறப் பாட்டரி என்றைக்கும் நிறையாது.

ஜலம், உப்பு, நெருப்பு

திறந்து ஊற்றும் பாட்டரிகளில் தகடுகளுக்கு மேல் சுமார் 1 சென்டிமீட்டர் திராவகம் நிற்க வேண்டும். கோடையில் பதினைந்து நாளுக்கொருமுறை பார்ப்பது உத்தமம். குறைந்தால் வடித்த ஜலத்தை, அதாவது டிஸ்டில்டு வாட்டரை, மாத்திரமே ஊற்ற வேண்டும். திராவகம் ஊற்றலாகாது, வற்றியது ஜலமேயன்றித் திராவகம் அன்று. கிணற்று நீரும் குழாய் நீரும் ஆகா. கடலோரத்தில் நிலத்தடி நீரில் உவர் ஏறிவரும் நம் பிரதேசத்திற்கு இது இரட்டிப்பாய்ப் பொருந்தும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றும் வழக்கம் ஊரில் பரவியிருக்கிறது. அது பார்வைக்குத் தெளிவாயிருந்தாலும் தூசியும் உலோகத் துகளும் கலந்தது. ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டருக்கு யோசித்துப் பாட்டரியைப் பணயம் வைக்க வேண்டாம். கடற்காற்று டெர்மினல்களை அரிப்பதால், அவற்றை வெந்நீரில் சோடா உப்புக் கரைத்துக் கழுவி, உலர்த்தி, இறுக்கி, வாஸ்லின் தடவி வைக்க வேண்டும். கழுவும் நீர் அறைகளுக்குள் இறங்கக் கூடாது.

மின்சாரம் ஏறும்பொழுது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் என்னும் வாயு கிளம்பும். அது ஒரு பொறியில் வெடிக்கக்கூடியது. திராவக மட்டத்தைப் பார்க்கத் தீக்குச்சி கிழித்தவர் கண்ணை இழப்பார். பீடியை எறிந்துவிட்டே அருகில் செல்க. கழற்றும்பொழுது கறுப்புக் கம்பி முதலில். பூட்டும்பொழுது அது கடைசியில். வேறொரு வண்டியிலிருந்து கம்பி கொடுத்துக் கிளப்ப நேர்ந்தால், சிவப்புக் கம்பியை இரண்டு பாட்டரிகளின் சிவப்பு முனைகளிலும், கறுப்பை நல்ல பாட்டரியின் கறுப்பு முனையிலும், அதன் மறுநுனியைக் கிளம்பாத வண்டியின் பாட்டரியில் அல்லாமல் சற்றுத் தள்ளி இயந்திரத்தின் இரும்பிலும் பிடித்தல் வேண்டும். 24 வோல்ட் லாரியிலிருந்து 12 வோல்ட் வண்டிக்குக் கொடுக்க ஒருபோதும் முயலலாகாது.

புயற்காலமும் கிராம அதிகாரிகளும்

இந்த இடத்தில் என் சொந்த அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில், மின்சாரம் இல்லாத மாலையில், வண்டிப் பாட்டரியில் இன்வெர்ட்டரை மாட்டி, படம் காட்டும் கருவியைக் கொண்டு நெற்பயிர் நோய்களைப் பற்றி இரண்டு மணி நேரம் உபந்நியாசம் செய்தேன். முடிந்ததும் வண்டி கிளம்பவில்லை. கேட்டுக்கொண்டிருந்த விவசாயிகளே தள்ளிவிட்டு அனுப்பினார்கள். பழைய டீசல் வண்டியாகையால் தள்ளியதும் உயிர் பெற்றது. இப்பொழுது வரும் வண்டிகளில் அநேகம் கம்ப்யூட்டரால் நடப்பவை. பாட்டரி அடியோடு வற்றிவிட்டால் எத்தனை பேர் தள்ளினாலும் கிளம்பமாட்டா.

படக்காட்சிக்கு நேர்ந்தது சிரிப்போடு போயிற்று. புயலில் அப்படிப் போகாது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்து நகராமல் நின்று, மறுநாள் காலைக்குள் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. இப்படிப்பட்ட இரவுகளில் ஊரில் கடைசி மின்சாரம் பார வண்டிகளின் பாட்டரிகளில்தான் இருக்கிறது. எல்லாரும் அதையே நாடுவார்கள். ஒலிபெருக்கி அறிவிப்பும் அதிலிருந்து, செல்போன்களும் அதிலிருந்து, யாராவது ஒருவர் வீட்டு மின்விசிறிக்கு இன்வெர்ட்டர் மாட்டுவார். 300 வாட் இன்வெர்ட்டர் நஷ்டத்தோடு சேர்த்து 28 ஆம்பியர் வரை இழுக்கும். 60 ஆம்பியர்-மணி பாட்டரி அதை இரண்டு மணி நேரம் தாங்கும் என்று காகிதத்தில் தோன்றினாலும், வேகமாய் எடுக்க எடுக்கக் கொள்ளளவே சுருங்கும் குணம் பாட்டரிக்கு உண்டாகையால், ஒரு மணி நேரத்திற்குப் பின் வண்டி கிளம்பும் என்று நிச்சயம் சொல்ல முடியாது. பிரசவ வேதனையிலுள்ள பெண்ணையோ, பாம்பு கடித்தவரையோ ஏற்றிச்செல்ல வேண்டிய நேரம் அதுவாயிருக்கலாம்.

ஆகவே புயல் எச்சரிக்கை வந்தவுடன் கிராம அதிகாரிகள் ஊரிலுள்ள பார வண்டிகளில் இரண்டொன்றைக் குறித்து, அவற்றின் பாட்டரிகளை மின்சாரம் இருக்கும்பொழுதே நிரப்பச் செய்து, அவற்றிலிருந்து ஒரு செல்போன்கூட ஏற்றாதபடி ஒதுக்கி, மேடான இடத்தில் நிறுத்தி வைக்க ஏற்பாடு செய்வாராக. அறிவிப்புக்கும் வெளிச்சத்திற்கும் வேறு வண்டிகளை வைத்துக்கொள்ளலாம். அவற்றிலும் மீட்டர் 12.2 காட்டியதும் கருவிகளை நிறுத்திவிட்டு, இயந்திரத்தைத் திறந்த வெளியில் ஓடவிட வேண்டும். மூடிய கொட்டகைக்குள் ஓடவிட்டால் புகை உயிரைக் கொல்லும்.

உபயோகமற்றுப் போன பாட்டரிகளை நிலத்தோரத்தில் உடைத்து ஈயத்தை உருக்குவதும், திராவகத்தை வாய்க்காலில் கவிழ்ப்பதும் சிற்சில இடங்களில் நடப்பதாய்க் கேள்விப்படுகிறோம். ஈயம் மண்ணை விட்டு நீங்காத விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பாட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு அவற்றைச் செய்து விற்கும் கம்பெனிகளுக்கு உண்டு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் ஈயத்தின் மதிப்பைக் கழித்துக்கொள்வார்கள். அப்படிக் கொடுக்கும்பொழுது பழைய பாட்டரியின் கொள்ளளவைக் குறித்துக்கொண்டு, புதியதன்மேல் பொறித்துள்ள தயாரிப்பு மாதத்தையும் பார்த்து வாங்குக. கடையில் பல மாதம் ஏற்றப்படாமல் கிடந்த பாட்டரி, புதுப் பெட்டியில் இருந்தாலும் பழையதே.